மூலநிரலிலிருந்து நிறுவிய ஓப்பன்பிளாஸுடன் ஐகன் மதிப்பு நிரல் முறிகிறது

கேள்வி

வணக்கம். நிர்வாகி உரிமை இல்லாத ஒரு பொது லினக்ஸ் கணினியில் பணிபுரிகிறேன். அதில் ஏற்கெனவே இருக்கும் நேரியல் இயற்கணித நூலகம் மெதுவாக இயங்குவதால், அதற்கு மாற்றாக ஓப்பன்பிளாஸ் நூலகத்தின் மூலநிரலை இறக்கி, என் ஹோம் கோப்புறையிலேயே ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் கொண்டு தொகுத்து நிறுவினேன். தொகுப்பு பிழையின்றி முடிந்தது; அதனுடன் வரும் சோதனைகளும் தேறின.

ஆனால் சமச்சீர் அணியின் ஐகன் மதிப்புகளைக் கணிக்கும் என் ஃபோர்ட்ரான் நிரலை அதனுடன் இணைத்தால், 10 வரிசை அணிக்குச் சரியான விடை வருகிறது. 4,000 வரிசை அணிக்கு, ஐகன் மதிப்புகளைக் கணிக்க நூலகத்திலிருந்து நான் அழைக்கும் டிஎஸ்ஒய்ஈவி துணைநிரலின் 5ஆம் அளபுரு செல்லாது என்ற செய்தியுடன் நின்றுவிடுகிறது. சில முறை அந்தச் செய்திகூட இல்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவிட அணுகல்) மட்டும் வருகிறது. அணியின் வரிசையைத் தரும் 3ஆம் அளபுருவையும், முன்னணிப் பரிமாணத்தை (நினைவகத்தில் அணிக்கு ஒதுக்கிய முதல் பரிமாண அளவை) தரும் 5ஆம் அளபுருவையும் அழைப்புக்கு முந்தைய வரியில் அச்சிட்டுப் பார்த்தேன், இரண்டும் 4,000தான். உகப்பாக்கம் எதுவும் இல்லாமல் தொகுத்தால் அதே நிரல் ஒழுங்காக ஓடுகிறது, ஆகவே கம்பைலரின் உகப்பாக்கத்தில்தான் கோளாறு என்று சந்தேகிக்கிறேன். பழைய நூலகத்துடன் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மறுமொழி 1

முதலில் அடுக்கு (ஸ்டாக்) நினைவகத்தைப் பாருங்கள். 4,000 வரிசை கொண்ட இரட்டைத் துல்லிய அணிக்கு 128 மெகாபைட் இடம் வேண்டும். லினக்ஸில் அடுக்கின் வரம்பு பொதுவாக 8 மெகாபைட்தான். அணியைத் துணைநிரலுக்குள் நிலையான அளவுடன் அறிவித்து, இணைநிரலாக்கத்துக்கான ஓப்பன்எம்பி தெரிவையும் சேர்த்துத் தொகுத்திருந்தால், அது அடுக்கிலேயே வைக்கப்பட்டு, சிறிய அணிக்கு ஓடும் நிரல் பெரிய அணிக்கு முறியும். யூலிமிட் கட்டளையால் வரம்பைத் தளர்த்தி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அளபுரு செல்லாது என்ற செய்திக்கு மட்டும் இது விளக்கம் ஆகாது என்பதால், ஓப்பன்பிளாஸைத் தொகுத்தபோது, தொகுப்பை நடத்தும் மேக் கட்டளைக்கு என்னென்ன தெரிவுகள் கொடுத்தீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்.

கேட்டவர்

நன்றி. அணிக்கான இடத்தை அடுக்கில் அல்லாமல் அலொகேட் செய்துதான் பெறுகிறேன். வரம்பைத் தளர்த்தியும் மாற்றமில்லை. மேக் கட்டளைக்கு பைனரி=64, இன்டர்ஃபேஸ்64=1 ஆகிய இரண்டையும் கொடுத்தேன். கணினி 64-பிட் என்பதால் இரண்டும் தேவை என்று எண்ணினேன்.

மறுமொழி 2

காரணம் அந்த இரண்டாவது தெரிவில் இருக்கிறது. பைனரி=64 என்பது 64-பிட் இயந்திரத்துக்கான நிரலை உருவாக்கச் சொல்கிறது. இன்டர்ஃபேஸ்64 என்பது வேறு விஷயம்: நூலகம் வாங்கும் ஒவ்வொரு முழு எண்ணும் 8 பைட் அகலமுடையது என்று அது வரையறுக்கிறது. உங்கள் நிரலிலோ முழு எண்கள் ஜிஃபோர்ட்ரானின் இயல்பான அகலமாகிய 4 பைட்டில்தான் இருக்கின்றன.

ஃபோர்ட்ரான் அளபுருக்களை மதிப்பாக அனுப்பாமல் முகவரியாக அனுப்புவதால், நூலகம் அந்த முகவரியிலிருந்து 8 பைட்டுகளைப் படிக்கிறது. முதல் நான்கு உங்களுடையவை, அடுத்த நான்கு பக்கத்தில் தற்செயலாக இருக்கும் எதுவோ. குறைந்த மதிப்புடைய பைட் முதலில் வரும் கணினிகளில், பக்கத்து நான்கு பைட்டுகளும் பூச்சியமாக இருந்தால் மதிப்பு சரியாகவே படிக்கப்படும். உங்கள் 5ஆம் அளபுரு 4,000 ஆகவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 3ஆம் அளபுரு மட்டும் குப்பையோடு சேர்ந்து மிகப் பெரிய எண்ணாகியிருக்கும். முன்னணிப் பரிமாணம் அணியின் வரிசையைவிடச் சிறியது என்று கண்ட நூலகம் 5ஆம் அளபுருவைக் குற்றம் சொல்கிறது. நீங்கள் அச்சிட்ட மதிப்புகளும் பொய்யல்ல, நூலகத்தின் புகாரும் பொய்யல்ல. இரு தரப்பும் ஒரே நினைவிடத்தை வெவ்வேறு அகலத்தில் படிக்கின்றன.

உகப்பாக்கத்தை நிறுத்தியபோது ஓடியதும் இதனால்தான். மாறிகள் நினைவகத்தில் அமரும் இடம் மாறி, பக்கத்தில் பூச்சியம் வாய்த்திருக்கிறது. இப்படிக் கிடைத்த விடையைத் தயவுசெய்து நம்பாதீர்கள். பிழைக்குறியைத் திருப்பித் தரும் கடைசி அளபுருவிலும் நூலகம் 8 பைட்டுகளை எழுதுகிறது. உங்கள் மாறிக்கு அடுத்துள்ள நான்கு பைட்டுகள் சத்தமின்றி அழியும். நிரல் முறிவதைவிட இதையே நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். ஓப்பன்பிளாஸின் சோதனைகள் தேறியதில் வியப்பில்லை, அவையும் அதே 8 பைட் அகலத்தில்தான் தொகுக்கப்படுகின்றன.

மேக் கிளீன் செய்துவிட்டு, அந்தத் தெரிவு இல்லாமல் மறுபடி தொகுங்கள். கிளீன் செய்வதை விட்டுவிட்டால் பழைய தெரிவுடன் உருவான கோப்புகள் புதியவற்றோடு கலந்துவிடும். தொகுப்பு முடிவில் திரையில் வரும் சுருக்கத்தில் 64-பிட் முழு எண் பற்றிய வரி இருக்கக் கூடாது.

கேட்டவர்

புதிய கோப்புறை ஒன்றில் மறுபடி நிறுவி, நூலகம் இருக்கும் பாதையை நிரலிலேயே பதிக்கும் ஆர்பாத் தெரிவில் அதன் பாதையைக் கொடுத்து நிரலையும் மறுபடி இணைத்தேன். தொகுப்புச் சுருக்கத்தில் அந்த வரி இல்லை. ஆயினும் அதே செய்தி வருகிறது.

மறுமொழி 2

நிரலின் மீது எல்டிடி கட்டளையை ஓட்டி, ஓப்பன்பிளாஸ் எந்தக் கோப்புறையிலிருந்து ஏற்றப்படுகிறது என்று பாருங்கள். முதல் முயற்சியின்போது நிரல் ஓடும்போது நூலகங்களைத் தேட வேண்டிய கோப்புறைகளைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியில் பழைய கோப்புறையைச் சேர்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பல லினக்ஸ் வழங்கல்களில் ஆர்பாத் தெரிவால் எழுதப்படும் பாதை உண்மையில் ரன்பாத் என்ற வகையில் பதிவாகிறது. அதைவிட அந்தச் சூழல் மாறிக்கே முன்னுரிமை. ஆகவே இணைக்கும்போது புதியதும், ஓடும்போது பழையதும் பயன்படக்கூடும்.

கேட்டவர்

அப்படியே இருந்தது. ஷெல்லின் தொடக்கக் கோப்பில் அந்த வரி இருந்தது. அதை நீக்கி, பழைய கோப்புறையையும் அழித்தேன். எல்லா உகப்பாக்க நிலைகளிலும் 4,000 வரிசை அணி ஓடுகிறது, ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை அணியின் சுவட்டோடு (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகையோடு) எதிர்பார்த்த துல்லியத்துக்குப் பொருந்துகிறது. முன்பு உகப்பாக்கமின்றிப் பெற்ற விடைகள் அனைத்தையும் மறுபடி கணிக்கிறேன். பின்னர் 30,000 வரிசைக்கு மேல் போக வேண்டியிருக்கும்; அப்போது 8 பைட் தேவைப்படுமா?

மறுமொழி 1

துணைநிரலைப் பொறுத்தது. 4 பைட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. துணைநிரலுக்குத் தற்காலிகமாகத் தரும் நினைவகமாகிய பணியிடத்தின் அளவும் முழு எண்ணாகவே அனுப்பப்படுகிறது. டிஎஸ்ஒய்ஈவி கேட்கும் பணியிடம் வரிசைக்கு நேர்விகிதத்தில் மட்டுமே வளர்வதால் அது உச்சத்தை நெருங்காது. வேகமான டிஎஸ்ஒய்ஈவிடி, ஐகன் திசையன்களும் வேண்டுமானால், வரிசையின் வர்க்கத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் சற்று மேலான பணியிடம் கேட்கும். 32,766 வரிசையைத் தாண்டினால் அந்த எண் 4 பைட்டில் அடங்காது. அந்த அளவுக்குப் போகும்போது நூலகத்தை இன்டர்ஃபேஸ்64 தெரிவுடனும், உங்கள் நிரல் முழுவதையும் இயல்பு முழு எண்ணை 8 பைட்டாக்கும் ஜிஃபோர்ட்ரான் தெரிவுடனும் சேர்த்தே தொகுங்கள்; இணைச் செயல்முறைகளுக்கிடையே செய்தி அனுப்பும் எம்பிஐ போன்ற வேறு நூலகங்களை அழைத்தால் அவை எதிர்பார்க்கும் அகலத்தையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.