மறு: 36 சதவீதம் 30 ஆனால், இறங்கிய ஆறுக்கு என்ன பெயர்?

அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும் வணக்கம்.

பயிற்சித் தாள் நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும், அதனால்தான், இரண்டு சதவீதங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்துக்கு நான் கேட்ட சொல்லைப் பற்றி, உங்கள் பதில்களை மேற்கோளிட்டு மறுபடி எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகள், பாதிப் பேர் வீட்டில் ரப்பர் பால்வெட்டு. ரப்பர் பாலின் டி.ஆர்.சி., அதாவது பாலில் உள்ள காய்ந்த ரப்பரின் பங்கு, 36 சதவீதமாக இருந்து மழைக்குப் பின் 30 ஆனது என்று கணக்குக் கொடுத்தேன். 'ஆறு சதவீதம் குறைந்தது' என்று வகுப்பே எழுதியது. ஆறை 36-ஆல் வகுத்தால் குறைவு 16.67 சதவீதம் அல்லவா? திரும்ப 30-லிருந்து 36-க்கு ஏறினால் அதே ஆறு 20 சதவீத ஏற்றம். எதிலிருந்து கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து சதவீதம் மாறுகிறது, ஆறு மாறுவதில்லை. அந்த ஆறுக்குத்தான் பெயர் வேண்டும்.

> செய்தித்தாளில் சதவீதப் புள்ளி என்று வருகிறதே, போதாதா?

வித்தியாசம் 4.2 என்று வரும்போது வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்: 'நான்கு புள்ளி இரண்டு சதவீதப் புள்ளி'. பிள்ளைகள் அங்கேயே தடுக்கி நிற்கிறார்கள்.

> சதம் வடசொல். நூற்றலகு என்போம்.

நூற்றாண்டு என்றால் நூறு ஆண்டு, அண்ணாச்சி. அப்போ நூற்றலகு நூறு அலகு ஆகிவிடும். நமக்கு வேண்டியது நூறில் ஒன்று. புணர்ச்சி சரி, பொருள் தலைகீழ்.

> விழுக்காடு என்போம். அதில் வரும் காடு என்னும் விகுதி, 339-ஆம் குறளின் சாக்காட்டில் வருவதுதான்.

அருமை அக்கா, வேக்காடு, நோக்காடும் அந்த வரிசைதான். சந்தையில் 'கிலோ என்ன விலை விழும்' என்று கேட்கிறோமே, அந்த விழுதலும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விழுக்காடு சதவீதத்துக்கே பெயர், ஆறுக்கு ஆகாது. அப்புறம், சதவீதத்தைச் சதமானம் என்று சொல்லலாமா என்ற அந்தச் சண்டை. மலையாளச் சொல்தான், சரி. முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர் இது, விளவங்கோட்டுப் பெரியவர்கள் வாயில் அது வருவதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சொன்னது 'விழுக்காட்டுப் படி'. ஆறு படி இறங்கியது, 4.2 படி ஏறியது, கேட்டதும் விளங்கும். பால் கணக்கில் படி என்றால் அளக்கும் படிதான் நினைவுக்கு வரும் என்று இருவர் மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை.

பெரும்பாலோர் சொன்னபடி தாளில் சதவீதப் புள்ளி என்றே போடுகிறேன். 4.2 வரும் கணக்கை எடுத்துவிட்டேன், எல்லாம் முழு எண்கள். படியை நான் இன்னும் விடவில்லை. அடுத்த தாள் அச்சுக்குப் போகுமுன் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.