‘அய்’ என்ற ஸ்பானிஷ் வினைக்குப் பெயர்: இருப்புவினையா, உண்டுவினையா?

காட்பாடியிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்பானிஷ் முதல்நிலைப் பாடத்தில் வீட்டையும் அறைகளையும் விவரிக்கும் பகுதிக்குச் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்தது. அறைப் பெயர்களைவிட அவற்றைக் கோக்கும் வினைகளில்தான் சிக்கல். மூன்று வினைகள் வேண்டும். அறை எப்படிப்பட்டது என்று சொல்ல ‘எஸ்’: ‘லா கொசீனா எஸ் கிராந்தே’, சமையலறை பெரியது. தெரிந்த பொருள் எங்கே என்று சொல்ல ‘எஸ்தா’: ‘லா மேசா எஸ்தா என் லா கொசீனா’, மேசை சமையலறையில் இருக்கிறது. அங்கே என்னென்ன உள்ளன என்று முதன்முதலாகச் சொல்ல ‘அய்’: ‘என் லா கொசீனா அய் ஊனா மேசா’, சமையலறையில் ஒரு மேசை உள்ளது. எழுத்தில் முன்னால் எச் நிற்கும், ஆனால் அது ஒலிக்காது. ‘ஹாய்’ என்று படிக்கக் கூடாது.

வரைவில் ‘அய்’க்கு ‘இருப்புவினை’ என்று பெயர் வைத்திருந்தேன். அது வேலைக்கு ஆகவில்லை. ‘இருப்பு’ என்றதும் கற்பவர் மனத்தில் ‘இருக்கிறது’ வந்து நிற்கிறது. ‘எஸ்தா’வுக்கும் அதே தமிழ்ச்சொல்தான். விளைவு, ‘அய் லா மேசா’ என்று எழுதுகிறார்கள். இந்தப் பாட அளவில் ‘அய்’க்குப் பின், தெரிந்த பொருளைச் சுட்டும் முன்சொற்களான ‘எல்’, ‘லா’ வரவே கூடாது. ‘ஒரு’ என்ற பொருளில் ‘ஊன்’, ‘ஊனா’ வரலாம், எண் வரலாம், ‘முச்சாஸ்’ (பல) போன்ற அளவுச்சொல் வரலாம், அல்லது வெறும் பெயர் வரலாம். இந்த வேறுபாட்டை நினைவூட்டும் பெயர் ஒன்று வேண்டும். கருத்துச் சொல்லுங்கள்.

குடியாத்தத்திலிருந்து

ஐயா, வணக்கம்.

‘உண்டுவினை’ என்று வைக்கலாம். ஒலி அழகுக்காகச் சொல்லவில்லை, இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. ‘வேறில்லை உண்டைம்பால் மூவிடத்தன’ என்கிறது நன்னூல். அதாவது உண்டு என்பது ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் மாறாமல் நிற்கும். ‘ஒரு நாற்காலி உண்டு’, ‘நான்கு நாற்காலிகள் உண்டு’, சொல் அசையாது. ‘அய்’யும் அப்படியே: ‘அய் ஊனா சீயா’, ‘அய் குவாத்ரோ சீயாஸ்’. ‘எஸ்தா’வோ எண்ணுக்கு ஏற்ப மாறும்: ‘லா சீயா எஸ்தா’, ‘லாஸ் சீயாஸ் எஸ்தான்’. தமிழில் இருக்கிறது, இருக்கின்றன என்று மாறுவது போலத்தான்.

ஆனால் பேச்சில் நாம் அப்படி மாற்றுவதில்லை. ‘வூட்ல ஒரு ரூம் கீது’, ‘மூணு ரூம் கீது’. நம் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே கீதுதான். அந்தப் பழக்கத்தில்தான் ‘லாஸ் சீயாஸ் எஸ்தா’ என்ற பிழை வருகிறது. பிழைக்குக் காரணம் பேச்சுத்தமிழ் என்று கற்பவருக்கே சொல்லிவிட்டால் விரைவில் திருந்தும். எழுத்துத்தமிழில் ‘இருக்கின்றன’ வரும் இடத்தில் ‘எஸ்தான்’. ‘உண்டு’ போட முடிகிற இடத்தில் ‘அய்’.

வேலூர்க் கோட்டையை எடுத்துக்காட்டாக வையுங்கள். கோட்டைக்குள் ஒரு கோயில், ஒரு மசூதி, ஒரு தேவாலயம் உண்டு: ‘என் எல் ஃபுவேர்த்தே அய் ஊன் தெம்ப்ளோ, ஊனா மெஸ்கீத்தா இ ஊனா இக்லேசியா’. மூன்றுக்கும் ஒரே ‘அய்’. பிறகு, ஜலகண்டேஸ்வரர் கோயில் எங்கே? ‘எல் தெம்ப்ளோ எஸ்தா என் எல் ஃபுவேர்த்தே’. கோட்டை எதனால் ஆனது? ‘எஸ் தே கிரானீத்தோ’, கருங்கல்லால் ஆனது. மூன்று வினையும் ஒரே இடத்தில் விளங்கிவிடும்.

ஆம்பூரிலிருந்து

‘உண்டு’ எனக்கும் பிடிக்கிறது. ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது, தீர்த்துவிட்டு வையுங்கள்.

ஒன்று, ‘உண்டு’ உடைமைக்கும் வரும். ‘வீட்டுக்கு இரண்டு வாசல் உண்டு’ என்பதை ‘அய்’ போட்டு எழுத முடியாது. ‘லா காசா தியேனே தோஸ் புவேர்த்தாஸ்’ என்றுதான் வரும். இதற்கு உருபு வழியே விதி சொல்லலாம்: ‘இல்’ வந்து ‘உண்டு’ வந்தால் ‘அய்’, ‘கு’ வந்து ‘உண்டு’ வந்தால் ‘தியேனே’. வீட்டில் மூன்று அறை உண்டு, ‘அய்’. வீட்டுக்கு மூன்று அறை உண்டு, ‘தியேனே’. இந்த விதி இல்லாமல் பெயரை மட்டும் வைத்தால் புதிய குழப்பம்தான் வரும்.

இரண்டு, எதிர்மறை. இதுதான் எனக்குப் பெரிய கவலை. ‘பாலாற்றில் தண்ணீர் இல்லை’ என்றால் ‘நோ அய் ஆகுவா என் எல் பாலார்’. ‘சாவி மேசைமேல் இல்லை’ என்றால் ‘லா யாவே நோ எஸ்தா என் லா மேசா’. ‘குளியலறை பெருசு இல்ல’ என்றால் ‘எல் பாஞோ நோ எஸ் கிராந்தே’. பேச்சில் மூன்றும் ‘இல்ல’தான். மூன்றாவதை எழுத்துத்தமிழில் ‘பெரியதன்று’ அல்லது ‘பெரியது அல்ல’ என்று மாற்றிப் பார்க்கச் சொன்னால் ‘நோ எஸ்’ பிரிந்துவிடும். முதல் இரண்டைப் பிரிக்க ஒரே வழி, அது கேட்பவருக்கு முன்பே தெரிந்த பொருளா என்று பார்ப்பது. தெரிந்த சாவி என்றால் ‘நோ எஸ்தா’. சாவியே கிடையாது என்றால் ‘நோ அய் யாவே’. ‘கிடையாது’ பொருந்தினால் ‘நோ அய்’ என்று சொல்லித்தரலாம், நம் காதுக்கு அது நன்றாகவே பிடிபடும்.

மூன்று, ‘உண்டு’ என்றால் சாப்பிட்டு என்றும் பொருள். அது சிறிய தடைதான். தொகைச்சொல்லில் அந்தப் பொருள் எவருக்கும் தோன்றாது.

‘உண்மைவினை’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். பழைய இலக்கணத்தில் உண்மை என்றால் உள்ளதாந்தன்மை, சரிதான். ஆனால் இன்று படிப்பவர் ‘பொய்வினை எது’ என்று தேடுவார். அதே மடலில் ‘உடைமைவினை’ என்றும் இருந்தது. லத்தீன் மூலத்தில் அந்த வினைக்கு உடைமைப் பொருள் இருந்தது உண்மையே. ஆனால் இன்றைய ஸ்பானிஷில் அந்த வேலையைத் ‘தியேனே’ எடுத்துக்கொண்டது. இறந்துபோன பொருளைப் பெயராக வைக்க வேண்டாம்.

வாலாஜாபேட்டையிலிருந்து

வினை பற்றிப் பெரியவர்கள் சொன்னதற்கு உடன்படுகிறேன். அறைப்பெயர்கள் பற்றிச் சில திருத்தங்கள்.

படுக்கையறைக்கு ‘அபித்தசியோன்’ மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். ஸ்பெயினில் அது போதும். மெக்சிகோவில் ‘ரெக்காமரா’, கொலம்பியாவில் ‘அல்கோபா’, அர்ஜென்டினாவில் ‘பியேசா’ என்றும் சொல்வார்கள். ‘தோர்மித்தோரியோ’ எங்கும் புரியும். அதை முதலில் வையுங்கள். ‘கொசீனா’ என்பதை ஸ்பெயினின் பெரும்பகுதியில் ‘கொத்தீனா’ என்பது போல, நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள்.

‘பாத்தியோ’வை ‘தோட்டம்’ என்று போட்டது தவறு. அது முற்றம். ‘சாகுவான்’ தெருவாசலை ஒட்டி உள்ளே கூரையோடு இருக்கும் நடை, அதாவது இடைகழி. ‘அசொத்தேயா’ மொட்டைமாடி. இந்த இரண்டும் அரபியிலிருந்து ஸ்பானிஷுக்கு வந்தவை. திண்ணைக்குச் சொல் இல்லை என்று விட்டுவிட வேண்டாம்: வீட்டுவாசலில் சுவரை ஒட்டிக் கல்லால் கட்டிய இருக்கைக்குப் ‘போயோ’ என்று பெயர். பலர் வாயில் கோழிக்கறிக்கும் அதே ஒலிதான், எழுத்து மட்டும் வேறு, அடிக்குறிப்பு போடுங்கள்.

‘மேசா’, ‘அர்மாரியோ’ இரண்டும் நமக்கு எளிது, மேசையும் அலமாரியும் போர்த்துகீசிய வழியே முன்பே தமிழில் உள்ளன. அதே நம்பிக்கையில் சன்னலுக்கு ‘ஜனேலா’ என்று எழுதிவிடுவார்கள், அது போர்த்துகீசியம். ஸ்பானிஷில் ‘வெந்தானா’.

சமையலறை ஏன் பெண்பால், முற்றம் ஏன் ஆண்பால் என்ற கேள்விக்கு ‘பால்’ என்ற சொல்லே காரணம். தமிழில் பால் பொருளைப் பார்த்து வருவது. அங்கே அது சொல்லோடு ஒட்டியது. ‘சொற்பால்’ என்று வைத்தால் கேள்வியே எழாது. தனி இழையில் பேசலாம்.

காட்பாடியிலிருந்து

அனைவருக்கும் நன்றி. ‘உண்டுவினை’யையே எடுத்துக்கொள்கிறேன். பதிவு இப்படி இருக்கும்:

உண்டுவினை: ஓரிடத்தில் ஒன்று உளது என்று புதிதாக அறிவிக்கும் வினை. ஒருமை, பன்மைக்கு மாறாது. நிகழ்காலம் ‘அய்’, இறந்தகாலம் ‘அபீயா’, அதுவும் மாறாது. ‘இல்’ உருபோடு வரும் உண்டுக்கு மட்டுமே இது ஈடு. எதிர்மறை ‘நோ அய்’, அதாவது ‘கிடையாது’.

‘அபீயா’வைச் சேர்த்ததற்குக் காரணம், தமிழில் உண்டு காலம் காட்டாது, ‘மூன்று அறைகள் இருந்தன’ என்ற பன்மையைப் பார்த்து ‘அபீயான்’ என்று எழுதிவிடுவார்கள். லத்தீன் அமெரிக்கப் பேச்சில் அப்படிக் கேட்கலாம், ஆனால் தேர்வுத்தாளில் அது பிழை.

பயிற்சி அட்டைகளில் 1 முதல் 6 வரை ‘இருக்கிறது’ என்று அச்சாகியிருப்பதை நாளைக்குள் ‘உண்டு’ என்று மாற்றுகிறேன். 7ஆம் அட்டை சாவியைப் பற்றியது. அதில் ‘இருக்கிறது’ அப்படியே இருக்கட்டும்.