நுரையீரலுக்கு ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை: காப்பா, கேடா?

கொன்றைநிழல்:
அப்பாவுக்கு 64 வயது. நாற்பது ஆண்டுகள் பீடி பிடித்தவர். விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சொன்ன மருத்துவர் இன்ஹேலரும், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் என்.ஏ.சி. (என்-அசிட்டைல்சிஸ்டீன்) மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். போன வாரம் மாமா ஒரு பெரிய டப்பாவோடு வந்து இறங்கினார். "நுரையீரல் துருப்பிடிக்காமல் காக்கும்" என்று மேலே அச்சடித்திருக்கிறது. உள்ளே பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும் நிறச்சத்து), வைட்டமின் ஈ, திராட்சை விதைச் சாறு. அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

மருதன்:
தாராளமாகக் கொடுங்கள். புகையின் ஒரே இழுப்பில் கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் கட்டற்ற மூலக்கூறுகள் (ஃப்ரீ ராடிக்கல்கள், தொட்டதை ஆக்சிஜனேற்றிச் சிதைப்பவை) உள்ளே போகின்றன. அவை காற்றறைகளை அரிப்பதோடு நிற்பதில்லை. நுரையீரலின் மீள்தன்மையைக் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தையும் முடக்குகின்றன. பீடியை விட்ட பிறகும் அழற்சி உடனே அடங்கிவிடாது. இந்த ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு வெளியிலிருந்து கொஞ்சம் துணை அனுப்பினால் என்ன கேடு? கேரட் தின்று கெட்டுப்போனவர் உண்டா?

உப்புக்காற்று:
கேரட் தின்று யாரும் கெடவில்லை, ஐயா. அதே சத்தை மாத்திரையாக்கி விழுங்கியவர்கள்தான் கெட்டார்கள். பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 ஆண்களிடம் ஆய்வு நடந்தது, எல்லோரும் புகைப்பவர்கள். 1994இல் முடிவு வெளியானது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய்; பெறாதவர்களில் 402 பேருக்கு. காப்பாற்றும் என்று கொடுத்த மாத்திரை 18 சதவீதம் கூடுதலாக நோயைத் தந்தது.

தற்செயல் என்பீர்கள். அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வின் சுருக்கப் பெயரே 'கேரட்' என்றுதான் ஒலிக்கும், என்ன பொருத்தமோ! நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியது, இறப்பு 17 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்பாகவே மாத்திரையை நிறுத்தினார்கள். இதற்கு மேலும் "என்ன கேடு?" என்று கேட்பீர்களா?

மருதன்:
எண்களை அடுக்கும்போது பாதியை விழுங்கக் கூடாது, தம்பி. அந்த அமெரிக்க ஆய்விலேயே, சேரும்போது புகையை விட்டிருந்தவர்களிடம் அந்த அதிகரிப்பு தெரியவில்லை. கொன்றைநிழலின் அப்பா விட்டவர்தானே? அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரில் பாதிப் பேர் பன்னிரண்டு ஆண்டுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மில்லிகிராம் சாப்பிட்டார்கள்; அவர்களுக்குத் தீங்கு வரவில்லை. பின்லாந்து ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் உணவின் வழியாகப் பீட்டா கரோட்டின் அதிகம் பெற்றிருந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகவே வந்தது. கோட்பாடு சரி, அளவும் ஆளும்தான் தவறிவிட்டன.

உப்புக்காற்று:
அந்த மருத்துவர்களுக்கு நன்மையும் வரவில்லை என்பதை இப்போது நீங்கள் விழுங்கிவிட்டீர்கள். தீங்கு தெரியவில்லை என்பதற்காக ஒரு மாத்திரையை வாங்கித் தின்ன வேண்டுமா? உணவுக் கணக்கும் அப்படித்தான். கீரையும் காயும் நிறையச் சாப்பிடுபவர் வேறு பல வகையிலும் வேறுபட்டு வாழ்பவராக இருப்பார். அவர் இரத்தத்தில் இருக்கும் கரோட்டின் அந்த வாழ்க்கையின் அடையாளமாக மட்டுமே இருக்கலாம். அதைப் பிரித்து டப்பாவில் அடைத்தால் வாழ்க்கையும் கூடவே வந்துவிடுமா?

துரு என்ற உவமையே எனக்கு ஆகாது. இரும்பு தன் துருவை வைத்து எதையும் செய்வதில்லை. நம் வெள்ளணுக்களோ கிருமியைக் கொல்ல வேண்டுமென்றே ஆக்சிஜனேற்றிகளைத் தயாரிக்கின்றன.

ஆய்வகத்து எறும்பு:
இருவரும் ஒரு இடத்தில் வழுக்குகிறீர்கள். ஆன்டி-ஆக்சிடன்ட் என்பது ஒரே பொருள் அன்று. நுரையீரலின் உட்பரப்பில் படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில், உடலே தயாரிக்கும் ஆன்டி-ஆக்சிடன்டான குளூட்டாதயோன் இருக்கிறது. இரத்த நீர்மத்தில் உள்ளதைவிட நூறு மடங்குக்கும் மேல். நுரையீரலின் சொந்தக் காவல் அதுதான். என்.ஏ.சி. அதற்கு மூலப்பொருள் கொடுக்கிறது. பாராசிட்டமால் அளவுக்கு மீறிப்போனவர்களுக்கு மருத்துவமனையில் இதையே ஏற்றுவதும் கல்லீரலில் குளூட்டாதயோனை மீட்கத்தான். பீட்டா கரோட்டினின் வேலை வேறு. ஆக்சிஜனும் புகையும் மிகுந்த இடத்தில் அது தானே சிதைந்து, ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் பொருளாக மாறக்கூடும்.

அதனால் என்.ஏ.சி. வென்றது என்று மருதன் ஐயா கொடி பிடிக்க வேண்டாம். 2005இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 523 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்று ஆண்டுகள் தினம் 600 மில்லிகிராம் எடுத்தும், மூச்சுத் திறன் குறையும் வேகம் மாறவில்லை. 2014இல் சீனாவில் 1,006 பேரிடம் அளவை இரட்டிப்பாக்கிப் பார்த்ததில் நோய் திடீரென முற்றும் நிகழ்வுகள் 22 சதவீதம் குறைந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் என்.ஏ.சி. சளியை இளக்கும் மருந்தும்கூட. பலன் அதனால் வந்ததா, ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்ததால் வந்ததா? நுரையீரல் தழும்பேறும் நோயில் அதே 2014இல் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

உப்புக்காற்று:
ஸ்வீடனின் கோத்தன்பர்க் எலி ஆய்வை விட்டுவிட்டீர்களே. அதுவும் 2014தான். நுரையீரல் கட்டி இருந்த எலிகளுக்கு என்.ஏ.சி.யும் வைட்டமின் ஈ-யும் கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது. கட்டியின் செல்களில் மரபணுச் சேதம் குறைந்ததால், சேதமுற்ற செல் பெருகாமல் தடுக்கும் பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொள்ளவில்லை. மாத்திரை, திருடனுக்கு உதவும் காவலாக ஆகிவிட்டது.

மருதன்:
கட்டி உருவாகும்படி மரபணுவை மாற்றிய எலிகள் அவை. அதை வைத்து மனிதருக்குத் தீர்ப்பு எழுதுவீர்கள். மனிதரிடம் நடந்த சீன ஆய்வுக்கு மட்டும் ஆயிரம் கேள்வி. நல்ல தராசு!

உப்புக்காற்று:
தீர்ப்பு எழுதவில்லை, ஐயா. நாற்பது ஆண்டு பீடி பிடித்த நுரையீரலில் கண்ணுக்குத் தெரியாத கட்டி ஒன்று இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்கிறேன்.

ஆய்வகத்து எறும்பு:
கொன்றைநிழல், இதைப் படித்துப் பயந்து மருத்துவர் எழுதிய என்.ஏ.சி.யை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டப்பாவில் பீட்டா கரோட்டின் எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

கொன்றைநிழல்:
பார்த்தேன். அளவே போடவில்லை. "சிறப்புக் கலவை" என்று மட்டும் இருக்கிறது. வியாழக்கிழமை அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது டப்பாவையும் எடுத்துப் போகிறேன். அதுவரை அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கட்டும். மாமா கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. 1,800 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார்.