நம்ம ஊர்க் கதை சீரியலுக்கு விமர்சனம் எழுதினா "டிஆர்பி பாரு"ங்காங்க. என்ன பதில் சொல்ல?

கொக்கிரகுளம்_கரை:
ராத்திரி எட்டரைக்கு ஓடுற, கதை பாளையங்கோட்டையில் நடக்குறதாகக் காட்டுற சீரியலைப் பத்தித்தான் கேக்கேன். "பேச்சு நம்ம ஊர்ப் பேச்சா இல்ல, இழுவை தாங்கல"ன்னு எழுதினா ரெண்டே பதில்தான். "டிஆர்பில மேல இருக்கு, ஒமக்கு என்ன தெரியும்?" இல்லைன்னா, "அதான் நிமிஷத்துக்கு நாலு ஏலே போடுதாங்களே, இன்னும் என்ன நெல்லைத் தமிழ் வேணும்?" எதிராளி வாயடைக்கிற மாதிரி எழுத எதைக் கவனிச்சுக் குறிச்சு வைக்கணும்? டிஆர்பியை எப்படித்தான் கணக்குப் போடுதாங்க?

மீட்டர்_பெட்டி:
டிஆர்பியை முதல்ல பாத்துருவோம். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் டிவியில் பார்த்தார்கள் என்று பார்க் (BARC) என்ற அமைப்பு 2015இலிருந்து வெளியிடும் கணக்கு அது. சேனல் தன் சத்தத்துக்குள்ளேயே காதுக்குக் கேட்காத ஒரு அடையாளத்தைக் கலந்து அனுப்பும். தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவி பக்கத்தில் இருக்கும் மீட்டர் அதைப் பிடித்து, எந்த நிமிஷம் எந்த சேனல் ஓடியது என்று பதியும். வீட்டில் ஆளுக்கொரு பட்டன். பார்க்க உட்கார்ந்தால் அழுத்தணும், எழுந்து போனால் அணைக்கணும். அணைக்காமல் அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாலும் பார்த்ததாகத்தான் ஏறும்.

சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரம், அடுத்த வியாழன் எண் வரும். எண் 8 என்றால், கணக்கில் உள்ள நூறு பேரில் நிமிஷத்துக்குச் சராசரியாக 8 பேர் பார்த்தார்கள் என்று பொருள். எட்டுப் பேர் முழு எபிசோடும் பார்த்தாலும் 8, பதினாறு பேர் பாதி பார்த்து எழுந்து போனாலும் 8. அதுவும் நம்ம ஜில்லாவுக்கான எண் இல்லை, தமிழ்நாடு, புதுச்சேரி சேர்ந்த சந்தைக்கு. ஆப்பில் பார்த்தவன் இதில் வரவே மாட்டான்.

விளம்பர விலை பேச வைத்த தராசு அது. வசனம் நல்லா இருக்கா என்று அதில் நிறுத்துப் பார்க்க முடியாது. "எத்தனை பேர் பார்த்தாங்கன்னு நான் கேக்கல, என்ன பேசினாங்கன்னுதான் கேக்கேன்" என்று எழுதிவிட்டு நகருங்கள்.

தார்சா_திண்ணை:
பேச்சு விஷயத்தில் எல்லாரும் தப்பான இடத்தில் பிடிக்கிறோம் தம்பி. ஏலேயை எண்ணாதீங்க, வினைமுற்றைப் பாருங்க. "சொல்றேன், ஓடுறான்" என்பதை நம்ம பக்கம் "சொல்லுதேன், ஓடுதான்" என்போம். "படிக்கிறேன், நிக்கிறான்" என்பது "படிக்கேன், நிக்கான்" ஆகும். மரியாதைப் பன்மைக்கு "அவிய வந்தாவ". சீரியலில் "அவுக வந்தாக" என்றால் வசனம் மதுரை, சிவகங்கைப் பக்கம் போய்விட்டது. ஒரு காட்சியில் பத்து வினையைக் குறித்து, எத்தனை நம்ம வடிவம் என்று எழுதினால் மறுத்துப் பேச ஆள் இருக்காது.

அடுத்தது விளி. "ஏலே" வயசில் இளையவனுக்கோ நெருங்கின சேக்காளிக்கோதான். சின்னப் பொம்பளைப் பிள்ளைகளுக்கு "ஏட்டி". சமவயசு ஆம்பிளைகளுக்குள் "என்னவே". மாமனாரைப் பார்த்து மருமகள் "வாலே" என்றால் எந்த வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியாது. அண்ணன் பொஞ்சாதி மதினி, அப்பாவைப் பெற்றவள் ஆச்சி. இந்த ரெண்டையும் அண்ணி, பாட்டி என்று மாற்றிவிட்டு வாக்கியத்துக்கு ஒரு ஏலே தெளித்தால் சாம்பாருக்கு மேலே கொத்தமல்லி போட்ட கதைதான்.

காரணமும் தெரிஞ்சுக்கோங்க. கதை ஒருத்தர், திரைக்கதை ஒருத்தர், வசனம் ஒருத்தர். வசனத்தாள் செட்டுக்கு வந்ததும் பக்கத்தில் நின்று ஒருவர் வாசிப்பார், நடிப்பவர் திருப்பிச் சொல்வார். பிறகு பல பேருக்கு வேறொருவர் குரல் கொடுப்பார். தாளில் "சொல்லுதேன்" என்றே இருந்தாலும் டப்பிங்கில் "சொல்றேன்" ஆகிவிட இடம் உண்டு. அதனால் நடிகரைத் திட்டி எழுதாதீங்க, பாவம்.

மலையோரம்:
அண்ணாச்சி, ஒரு சந்தேகம். முழுக்க நம்ம பேச்சையே வைத்தால் கோயமுத்தூர்க்காரருக்கும் வேலூர்க்காரருக்கும் புரியுமா?

தார்சா_திண்ணை:
"வளவு, பட்டாசல், வெள்ளன" மாதிரிச் சொல்லை அடுக்கினால் திணறத்தான் செய்வார்கள். "சொல்லுதேன்" புரியாத தமிழன் உண்டா? சொல்லைக் குறைத்துக்கொள்ளட்டும், விகுதியை விடவேண்டாம். இன்னொன்று, நெல்லைப் பேச்சு ஒரே பேச்சும் இல்லை. திசையன்விளைப் பக்கம் ஒரு மாதிரி, மேலப்பாளையத்தில் வேறு மாதிரி. கதையில் அது எந்தத் தெரு, எந்த வீடு என்று பார்த்துவிட்டுக் குற்றம் சொல்லுங்க.

சொதிக்_கரண்டி:
போன வாரம் மறுவீட்டுச் சாப்பாட்டுக் காட்சி பாத்தீங்களா? சொதி என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தில் புளியைக் கரைத்து ஊற்றித் தளதளவென்று கொதிக்க விட்டார்கள். சொதி தேங்காய்ப்பால் குழம்பு, அதுக்குப் புளி கிடையாது. காய் வேகுவது மூணாம் பாலிலும் ரெண்டாம் பாலிலும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்த்த பிறகுதான் தலைப்பால். அதை ஊற்றி நுரை கூடும்போதே இறக்கணும், கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சை இறக்கின பிறகு. தொட்டுக்க இஞ்சிப் பச்சடி இல்லாத இலையைக் காட்டினதை நான் மன்னிக்கவே போறதில்லை.

வழியும் தப்பு. நாயகி திருநெல்வேலி டவுனிலிருந்து ஜங்ஷனுக்கு ஆட்டோவில் போகையில் சுலோச்சனா முதலியார் பாலத்தையும் ஆற்றையும் காட்டினார்கள். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே ஈரடுக்குப் பாலம்தான், கீழே ரயில். ஆறு குறுக்கே வருவது ஜங்ஷனைத் தாண்டிப் பாளைக்குப் போகும்போது.

மீட்டர்_பெட்டி:
இழுவைக்கு ஒரு வழி சொல்லுதேன். போன் ஸ்டாப்வாட்சை எடுங்க. முன்கதை, புதுக் காட்சி, முகம் காட்டல், நாளைக்கான துண்டு என்று நாலு கட்டம் போடுங்க. ஒருத்தர் "நான் போறேன்" என்பார். உடனே அறையில் இருக்கும் ஏழு முகமும் வரும். முகத்துக்கு 4 விநாடி, மூணு சுற்று, 84 விநாடி போச்சு. ஏழு பேரின் கால்ஷீட்டும் ஒரே நாளில் அமையாவிட்டாலும் தனித்தனியாக எடுத்து ஒட்டிவிடலாம், அதனால் அந்தப் பழக்கம் போகாது. விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிஷம்தான் விதி. அரைமணிக்கு 6 போக மிச்சத்தில் கதை எத்தனை நிமிஷம் நகர்ந்தது என்று அஞ்சு நாளுக்குக் குறித்து எழுதினால் "இழுவை" என்ற சொல்லையே எழுத வேண்டியிருக்காது.

கொக்கிரகுளம்_கரை:
இது போதும் அண்ணாச்சி, நாளையிலிருந்து நோட்டுப் போடுதேன். நேரத்தை டிவி மணிப்படி எழுதவா, ஆப்பில் காட்டுறபடி எழுதவா?

சொதிக்_கரண்டி:
ரெண்டும் வேண்டாம். ஆப்பில் விளம்பரம் டிவி மாதிரி வராது, நேரம் ஒத்துப்போகாது, அதை வைத்தே ஒரு சண்டை கிளம்பும். "முன்கதை முடிந்தபின் மூணாவது காட்சி, ஆச்சி செம்பை வைக்கிற இடம்" என்று எழுதுங்க. டிவியில் வந்த பிறகு போடுங்க. ஆப்பில் முன்கூட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே கதையை அவிழ்த்தால் சண்டை வேற திசையில் போயிரும்.