புதுப்பிப்பு: பள்ளிச் செவிலியர் தேர்வு, தேறிவிட்டேன்

அமெரிக்காவில் பள்ளிச் செவிலியருக்கான என்சிஎஸ்என் (தேசியச் சான்று பெற்ற பள்ளிச் செவிலியர்) சான்றிதழ் தேர்வுக்கு எதிலிருந்து தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேனே, எழுதித் தேறிவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மருத்துவமனை வேலையிலிருந்து வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், முதலில் சட்டத்தைப் படியுங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பதெல்லாம் நமக்குக் கைவந்த வேலை. ஆனால் அரசுப் பள்ளியில் ஒரு மாணவரின் உடல்நலப் பதிவு பெரும்பாலும் மருத்துவத் தகவல் தனியுரிமைச் சட்டமான ஹிப்பாவுக்குள் வராது, கல்விப் பதிவுகளின் தனியுரிமைக்கான 1974-ஆம் ஆண்டு ஃபெர்ப்பா சட்டத்துக்குள்தான் வரும் என்பது பழகிய மூளைக்குச் சட்டென்று ஏறாது. அதேபோல, சிறப்புக் கல்வி தேவைப்படாததால் ஐடியா என்ற மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கல்விச் சட்டத்தில் இடம் கிடைக்காத நீரிழிவுக் குழந்தைக்கும் 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது, எனக்கு இதுதான் படித்ததிலேயே மிக முக்கியமான பகுதி, ஏனென்றால் அந்தக் குழந்தை வகுப்பிலேயே சர்க்கரை பார்த்துக்கொள்ளலாமா என்பதை அந்தப் பிரிவின் கீழ் பள்ளி தயாரிக்கும் திட்டத்தில் எழுதிவைக்க முடியும்.

அப்புறம், மருந்து கொடுப்பதைப் பள்ளிப் பணியாளரிடம் ஒப்படைக்கும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநில விதியைத் தனியாகப் பாருங்கள். சான்றிதழ் 5 ஆண்டு செல்லும். குறிப்புகள் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.