மண் தேறுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மூன்று விவசாயிகளின் பதில்கள்:

தாராபுரம் பக்கம், செம்மண், கிணற்றுப் பாசனம்:

விளைச்சலை வைத்து மண்ணை எடைபோடுவதை விட்டுவிட்டேன். மழை கைகொடுத்தால் கெட்ட மண்ணிலும் விளையும். தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்றுதான் பார்க்கிறேன். முன்பு ஐப்பசி மழைக்கு எங்கள் வயலில் செந்தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடும். ரொட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டி மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) ஓட்டி ஓட்டி மேல்மண் பொடியாகி, அடியில் இறுகிக் கிடந்தது. மண் பரிசோதனையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே. அதெல்லாம் 'குறைவு' கணக்கு, 0.75-ஐத் தாண்டினால்தான் நல்ல மண் என்பார்கள்.

பல தானிய விதைப்பில் ஆரம்பித்தேன். சோளம், கம்பு, தட்டைப்பயறு, உளுந்து, எள், ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு, கொஞ்சம் கொத்தமல்லி, கடுகு. எல்லாம் கலந்து ஏக்கருக்கு 20 கிலோ. பூவெடுத்ததும், 50, 60 நாளுக்குள், மடக்கி உழுதுவிட வேண்டும். காய் பிடிக்கட்டும் என்று விட்டால் தண்டு முற்றிவிடும். முற்றிய தண்டை மட்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும், அடுத்த பயிர் மஞ்சளடித்து நிற்கும். உழுவதற்கு முன் ஒரு தட்டைப்பயற்றுச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது. வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். உழாத வரப்போரத்தில் ஒரு கட்டி, வயல் நடுவில் ஒரு கட்டி எடுத்து நிழலில் காயவைத்து, இரண்டு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போடுங்கள். முதலில் என் வயல் கட்டி போட்டவுடனே கரைந்து சேறாகிவிடும், வரப்புக் கட்டி அப்படியே நிற்கும். இப்போது வயல் கட்டியும் நிற்கிறது. ஓரம் மட்டும் உதிர்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்திய முதல் போகத்தில் மக்காச்சோளம் அடிவாங்கியது. கடன் இருப்பவர்கள் ஒரு ஓரத்தில் தொடங்குங்கள்.

மன்னார்குடி பக்கம், நெல்:

அண்ணே, எங்களுக்குக் கிடைதான், அதாவது ராத்திரியில் ஆடுகளை வயலிலேயே அடைத்து வைப்பது. சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள்) ஆடு ஓட்டிக்கொண்டு வருவார்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, தினமும் பட்டியை இடம் மாற்றிப் போடுவார்கள். புழுக்கையோடு மூத்திரமும் இறங்குவதால் அடுத்த நடவிலேயே வித்தியாசம் தெரியும். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று எங்கள் அப்பா சொல்வார்.

எனக்கு வருத்தம் வைக்கோல் விஷயத்தில்தான். மெஷின் கட்டு கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. நெல் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் (பொட்டாஷ்) பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. அதை விற்றுவிட்டுப் பொட்டாஷ் மூட்டை வாங்குகிறோம்! அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள்ளே உளுந்து தெளிப்பதும் குறைந்துவருகிறது. ஈரம் காயாத வயலில் அறுவடை மெஷின் இறங்கினால், சக்கரத்தடத்தில் முளைத்ததெல்லாம் போச்சு.

பொள்ளாச்சி பக்கம், தென்னை:

மட்டையை எரிக்காமல், மண்ணை மூடும் மூடாக்காகப் போடுகிறோம். கோடையில் மட்டையைப் புரட்டினால் அடியில் ஈரமும் மண்புழுக் கழிவும் இருக்கும். ஆனால் குப்பைக்குழியைக் கவனியுங்கள், தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டை வைக்கும். எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிவிட்டு, அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறோம். எரு ஈரமாக இருந்தால்தான் அது பிடிக்கும்.