ஒரே ரிலீஸுக்கு அப்டேட் மூன்று முறை ஓடுகிறது, அவசரம்

நெய்தல்21: புது வெர்ஷன் விட்டவுடன் வெப்ஹுக் (கோடு இருக்கும் தளம் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி) வந்து சர்வர் தானாக அப்டேட் ஆகும்படி வைத்திருந்தேன். இன்று ஒரே ரிலீஸுக்கு மூன்று முறை ஓடி, டேட்டாபேஸ் மாற்றும் ஸ்கிரிப்ட்கள் ஒன்றோடொன்று மோதி, கடைத் தளமே படுத்துவிட்டது. ஆறு மணிக்குள் சரியாக வேண்டும். உதவுங்கள்.

கரிசல்மண்: வெப்ஹுக் எங்கிருந்து வருகிறது? கோடு இருப்பது கிட்ஹப்பிலா, கிட்லேபிலா? சர்வரில் அந்தச் செய்தியை வாங்கும் புரோகிராம் எது? லாக் (என்ன நடந்தது என்ற பதிவு) இருக்கிறதா?

வடக்குவாசல்: லாக்கே வேண்டாம், இது டைம்அவுட்தான். கிட்ஹப் 10 நொடிதான் காத்திருக்கும். பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பும். எனக்கும் இப்படித்தான் ஆனது.

மூத்தவன்: அனுப்பாது. தோற்ற டெலிவரியை கிட்ஹப் தானாகத் திரும்ப அனுப்புவதே இல்லை. நாம்தான் ரீடெலிவர் அழுத்த வேண்டும், அதுவும் 3 நாளுக்குள். ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது. படிக்காமல் பதில் சொல்லாதீர்கள், புதியவர்கள் குழம்பிப் போவார்கள்.

வடக்குவாசல்: எனக்கு இரண்டு முறை வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மூத்தவன்: நடுவில் க்யூ (செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் புரோகிராம்) ஏதாவது வைத்திருப்பீர்கள். அதுதான் திரும்ப அனுப்பியிருக்கும்.

கிரான்பிரியன்: வெப்ஹுக்கை எடுத்துவிட்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) புது டேக் (வெர்ஷன் அடையாளம்) வந்ததா என்று பாருங்கள். வெளியிலிருந்து செய்தி வர போர்ட் (சர்வருக்குள் வரும் வழி) திறக்கவே வேண்டாம்.

மூத்தவன்: சீக்ரெட் (கிட்ஹப்புக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்) வைத்து, செய்தியோடு வரும் கையெழுத்தைச் சரிபார்த்தால் போர்ட்டுக்குப் பயப்படத் தேவையில்லை.

கிரான்பிரியன்: எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? நான் பார்த்த பாதி சர்வர்களில் சீக்ரெட் காலியாகத்தான் இருந்தது.

நெய்தல்21: மன்னிக்கவும், கிட்ஹப்தான். செய்தியை வாங்குவது ஃபிளாஸ்கில் (பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்) எழுதியது. எதற்குச் செய்தி வர வேண்டும் என்பதில் ரிலீஸஸ் மட்டும் டிக் செய்திருக்கிறேன். டெலிவரி பக்கத்தில் மூன்றும் பச்சை (சரியாகப் போய்ச் சேர்ந்தது), ஒவ்வொன்றுக்கும் ஐடி வேறு.

கரிசல்மண்: அப்படியானால் டைம்அவுட் இல்லை. ரீடெலிவர் செய்தால் அதே ஐடிதான் வரும். இவை மூன்றும் தனித்தனிச் செய்திகள். பேலோடை (செய்தியின் உள்ளடக்கம்) திறந்து ‘ஆக்‌ஷன்’ என்ன என்று பாருங்கள். ஒரு ரிலீஸை நேரடியாக வெளியிட்டால் ‘கிரியேட்டட்’, ‘பப்ளிஷ்ட்’, ‘ரிலீஸ்ட்’ என்று மூன்று வரும். நீங்கள் மூன்றுக்கும் ஸ்கிரிப்டை ஓட்டுகிறீர்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு 200 (கிடைத்தது என்ற பதில்) மட்டும் கொடுத்து விட்டுவிடுங்கள். ‘பப்ளிஷ்ட்’ பிரீரிலீஸுக்கும் வரும். சோதனை வெர்ஷன் கடைக்குப் போகக் கூடாது என்றால் ‘ரிலீஸ்ட்’தான் சரி. அப்புறம் ஸ்கிரிப்டுக்கு ‘எஃப்லாக்’ பூட்டு (ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்) போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு ரிலீஸ் விட்டாலும் மோதாது.

வடக்குவாசல்: சரி, ஐடி விஷயம் எனக்குத் தெரியாது. என் லாக்கையும் பார்க்கிறேன்.

நெய்தல்21: ‘ரிலீஸ்ட்’ மட்டும் வைத்தேன். ஒரே முறைதான் ஓடியது. தளம் வந்துவிட்டது. நன்றி கரிசல்.

கிரான்பிரியன்: சீக்ரெட் வைத்திருக்கிறீர்களா?

கரிசல்மண்: பூட்டும் போட்டீர்களா?